வார்டன் ராமாத்தாள் கேட்ட மன்னிப்பு

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் ராமாத்தாள் பதினான்கு வருடமாக மாணவியர் விடுதி வார்டன். வயது நாற்பத்தாறு. எந்தப் பிள்ளைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யார் வீட்டு ஏக்கத்தில் சாப்பிடாமல் படுக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கண்டிப்பானவர் என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன ஆடி மாதம், காலைச் சாப்பாட்டின்போது பதினோராம் வகுப்பு கனிஷ்கா தட்டை நீட்டினாள். சட்டைக் கை மேலேறியது. முன்கையில் வரிசையாகத் தழும்புகள். ராமாத்தாள் அந்தக் கையைப் பிடித்து எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி உயர்த்தினார்.

"என்ன கூத்து இது? எல்லாரும் உன்னையே பாக்கோணுமா? உங்கப்பன் வெயில்ல கெடந்து பாடுபடறது இதுக்குத்தானா?"

கனிஷ்கா கையை உருவிக்கொண்டு, சட்டைக் கையை விரல்வரை இழுத்து நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலத்தில் ராமாத்தாளும் சேலைத் தலைப்பை அப்படித்தான் பிடித்திருந்தார்.

இருபத்து மூன்று வயதில் அவர் கணவர் லாரி விபத்தில் இறந்தார். இவள் வந்த ராசி என்று மாமியார் வீட்டில் காதுபடப் பேசினார்கள். அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம். அந்த நாள்களில் அவர் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டார். கேட்டவர்களிடம் அடுப்பில் சுட்டுவிட்டது என்றார். பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு அது மெல்ல நின்றது. ஏன் செய்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து மூடிவைத்துவிட்டார்.

மதியமே கனிஷ்காவைத் தேடிப் போனார்.

"நான் பண்ணுனது தப்பு சாமி."

"பரவால்லைங்க மேடம்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் கூட வாரேன்."

"அப்பாகிட்டச் சொல்லாதீங்க."

"சொல்லாம இருக்க முடியாது. ஆனா உன்னையத் திட்ட உடமாட்டேன்."

வெண்ணந்தூரிலிருந்து அவள் அப்பா வந்தார்; சென்னிமலை என்று பெயர். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் முதலில் கனிஷ்காவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு, அவள் சம்மதத்தோடு இவர்களை உள்ளே அழைத்தார்.

"சாகப் பாத்தாளாங்க?" என்றார் சென்னிமலை.

"அதையும் கேட்டேன். அந்த எண்ணம் இல்லைங்கறா. ஆனாலும் நாம கவனமா இருக்கணும். மனசு தாங்க முடியாதப்ப உடம்புல வலிச்சா, கொஞ்ச நேரம் உள்ளே அடங்கின மாதிரி இருக்கும். அப்புறம் வெக்கம் வரும். அதை மறைக்க மறைக்க உள்ளே இன்னும் கனக்கும். மறுபடியும் கை அங்கேதான் போகும். நாலு பேர் முன்னால திட்டினா அந்த வெக்கம்தான் பெருசாகும்."

கனிஷ்கா எட்டாம் வகுப்பு படித்தபோது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கை கிணற்றில் விழுந்து இறந்துபோயிருந்தாள்.

"உன்னையத்தான பாத்துக்கச் சொன்னேன்னு ஒருக்கா கேட்டுப்போட்டனுங்க" என்றார் சென்னிமலை. "அப்புறம் ஊட்டுல ஆரும் அதப் பேசுனதே இல்லை."

அப்பாவும் மகளும் வெளியே போன பின் ராமாத்தாள் எழுந்திருக்கவில்லை. தன் கையை மருத்துவரின் மேசைமேல் வைத்துத் தலைப்பை விலக்கினார். அந்த வடுவை அவர் இன்னொருவருக்குக் காட்டியது அதுவே முதல்முறை.

கனிஷ்கா விடுதியை விட்டுப் போய், இப்போது வீட்டிலிருந்தே வேறு பள்ளிக்குப் போகிறாள். சிகிச்சை நடக்கிறது. நடுவில் ஒருமுறை பழையபடி ஆகிவிட்டது; அந்தத் தடவை அவளே அப்பாவிடம் வந்து சொன்னாள்.

அவள் போகும் முன், அதே சாப்பாட்டுக் கூடத்தில், அத்தனை பிள்ளைகள் முன்னால் ராமாத்தாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். தன் கையைப் பற்றியும் சொல்ல வேண்டுமென்றுதான் எழுந்து நின்றார். வாய் வரவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தனியாக நின்றிருக்க மாட்டாளே என்று இன்றும் குறுகிப்போகிறார்.