கோட்டுக்காரரும் இறுக்கமான பனியனும்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மொட்டைமாடி மோட்டார் ரூமில் கதவைத் தொட்டாலே கை பொத்துப்போகிற வெயிலிலும் காக்கிக் கோட்டைக் கழற்ற மாட்டார். மற்ற மெக்கானிக்குகள் பனியனோடு நின்று விசிறிக்கொள்வார்கள். இவர் ஸ்பானரும் கையுமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருப்பார். ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை.

கோட்டுக்குக் காரணம் பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது. மற்றப் பையன்களுக்கு மீசை அரும்பியபோது இவருக்கு மார்பு புடைத்தது. “வளர வளரச் சரியாயிடும்டா” என்றார் அப்பா. வளர்ந்தார், சரியாகவில்லை. ஓடிப் பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார், தண்டால் எடுத்துப் பார்த்தார். வயிறு ஒட்டியது, கன்னம் ஒட்டியது, மார்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் சட்டை மாற்றுவார். மனைவிக்குத் தெரியும். தெரிந்தது போலக் காட்டிக்கொண்டதில்லை.

அவருடைய முப்பத்தொன்பதாவது வயதில் கம்பெனியில் புது விதி வந்தது. லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, “எல்லாரும் சட்டையக் கழட்டிக்கோங்க” என்றார்கள். இவர் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார். அடுத்த வாரமும் இதே கதை. மூன்றாவது வாரம் மேலாளர் இவரை நாற்காலியில் உட்காரவைத்து, புகார் போன்களை எடுக்கச் சொல்லிவிட்டார்.

நாற்காலி அவரைக் கொன்றது. கயிறு தேய்ந்த சத்தத்தை நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர், “உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம்” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். ஒரு சாயங்காலம் மனைவி டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னங்க, என்ன ஆச்சு? சொல்லித்தான் ஆகணும்.”

சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, முழுதும் சொன்னார்.

“பதினொரு வருஷமா நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்” என்றாள் அவள். “நாளைக்கே டாக்டரப் பாக்கலாம். நான் லீவு போடறேன்.” அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். லீவு எடுத்ததே இல்லை.

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, வேறு நோயோ மருந்தோ காரணமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு சொன்னார்: “உங்களுக்கு இருக்கறது பெரும்பாலும் கொழுப்புதான். ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டை போட்டு, மருந்துத் தண்ணிய உள்ள விட்டு, மெல்லிசான குழாயால உறிஞ்சி எடுத்துடலாம். ஆனா ஒண்ணு. மூணாவது நாள் கண்ணாடியப் பாத்தா என்னைத் திட்டுவீங்க. எடுத்ததவிட வீக்கம் பெருசா தெரியும். ஆறு வாரம் இறுக்கமான பனியன் போடணும், குளிக்க மட்டும் கழட்டலாம். பாரம் தூக்கக் கூடாது. படுத்தே கிடக்கவும் கூடாது, ரத்தம் கட்டிக்கும். வீட்டுக்குள்ள நடங்க.”

“எப்ப சரியாகும் டாக்டர்?”

“உருவம் தெரிய மூணு மாசம். சிலருக்கு ஆறு. பொறுமை வேணும்.”

மனைவி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். அவர் காதில் ‘எடுத்துடலாம்’ என்ற சொல் மட்டும் விழுந்திருந்தது.

ஆப்பரேஷன் அன்று காலை, சட்டையில்லாமல் நிற்கவைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டார்கள். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. “கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?” என்று மட்டும் நர்ஸ் கேட்டாள்.

கண் விழித்தபோது குளிர் உதறியது. மார்பை யாரோ கயிறு போட்டுக் கட்டியது போலிருந்தது. கட்டெல்லாம் இளஞ்சிவப்பாக நனைந்திருந்ததைப் பார்த்து மனைவி பதறிப்போனாள். “உள்ள விட்ட தண்ணிதாம்மா கசியுது, பயப்படாதீங்க. வடியட்டும்” என்றாள் நர்ஸ். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் குளிக்கப் போனவர் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். வயிறு வரை நீலமும் ஊதாவும் பரவியிருந்தன. மார்பு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

“எல்லாம் வீண்” என்றார் வெளியே வந்து.

“டாக்டர்தான் முன்னாடியே சொன்னாரே, எழுதி வச்சிருக்கேன் பாருங்க.”

“எழுதினா வீக்கம் போயிடுமா?”

ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி, மறுபடி ஹால் என்று நடந்தார். “நடக்கத்தான் சொன்னாங்க, தரையத் தேய்க்கச் சொல்லல” என்றாள் அவள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது, மறுபக்கம் எறும்பு ஊர்ந்தது. சொறிந்தால் சொறிந்தது தெரியவில்லை.

இரண்டாவது வாரம் மனைவி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் பனியனின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். அப்பாடா என்றிருக்கும். அவள் வரும் நேரத்துக்கு மூச்சைப் பிடித்து மறுபடி மாட்டிக்கொள்வார். ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் இடது பக்கம் பலூன் போல உப்பியது. விரலால் தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. உடனே மனைவியின் கடைக்குப் போன் போட்டார்.

டாக்டர் ஊசியால் தேங்கியிருந்த நீரை உறிஞ்சி எடுத்தார். “பனியன ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் போட்டீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

“இவ வர்றதுக்கு முன்னாடி போட்டுக்குவேன், சார்.”

“என்னை ஏமாத்தவா ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டீங்க?” என்றாள் அவள். மறுநாளிலிருந்து கடையிலிருந்து மணிக்கு ஒருதரம் போன் வந்தது. எடுத்தவுடன் ஒரே கேள்வி: “போட்டிருக்கீங்களா?” இன்னொரு முறையும் நீர் எடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு தேங்கவில்லை.

நான்காம் மாதம் உருவம் தெரிந்தது. மார்பு தட்டையாகியிருந்தது. ஆனால் இடது பக்கம் ஒரு சின்னப் பள்ளம். விரல் நுனி அகலத்துக்குத் தோலில் உணர்வும் திரும்பவில்லை. லிஃப்ட் கண்ணாடி, கடைக் கண்ணாடி, பஸ் ஜன்னல் என்று எதைக் கண்டாலும் அந்தப் பள்ளத்தையே தேடினார். “ஒரு வருஷம் போகட்டும், வேணும்னா சரி பண்ணலாம்” என்றார் டாக்டர். மறுபடி அந்தப் பனியனா? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கம்பெனியின் இதயப் பரிசோதனைக்குப் போனார். வரிசையில் நின்றார், கழற்றினார். மார்பில் பரிசோதனைக் கம்பிகளை ஒட்டியவர் இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “மூச்ச இழுத்து விடுங்க” என்றார். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை அவர் மறுபடி கூண்டின் மேல் நிற்கலாம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்த மனைவி, முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

“ரெண்டு நிமிஷம்” என்றார். “ரெண்டே நிமிஷம். இதுக்காடி நான் இருபத்தாறு வருஷம் பயந்து செத்தேன்?” மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

அவள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். “நடக்கறதுன்னா மாடிக்கு நடங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்துட்டு வாங்க.”

கோபத்தோடு படியேறினார். மாடியில் எதிர்வீட்டு அம்மாவும் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வெற்று மார்போடு வந்திருப்பது உறைத்தது. சட்டென்று கொடியில் கிடந்த படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“சீக்கிரம் எடுங்க தம்பி, தூறல் போடுது!” என்று கத்திவிட்டு அந்த அம்மா படியிறங்கினாள்.

தூறல் தோளில் விழுந்தது. மறைவாக இருந்த விரிப்பையும் உருவி ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மற்றத் துணிகளை அவசர அவசரமாக வாரினார்.