சித்தப்பாவின் ஜிப்புக் கதை

என் சித்தப்பாவுக்கு உலக வரலாற்றில் ஒரே ஒரு பாடம்தான் தெரியும். அது ஜிப்பின் வரலாறு. மதுரையில் ஒரு பைக்கடையில் பழைய பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கும் வேலை அவருக்கு. கம்பெனிக்காரர் யாரோ சொன்ன அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் எனக்கு. "ஆரம்பிச்சுட்டாரா ஜிப்பு வாத்தியாரு?" என்று அடுப்படியிலிருந்து சித்தி சிரிப்பாள்.

அந்தச் சித்தி மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் போய்விட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வயதில் நான்தான் கொள்ளி வைத்தேன். சித்தப்பா அழவில்லை, பேசவும் இல்லை. மூலையில் சுருண்டு கிடந்தார். "மனுசன் அழுதுட்டாத் தேவலை" என்று அப்பா பயந்துகொண்டே இருந்தார்.

பதினாறாம் நாள் பேரையூர் வீட்டில் கருமாதி. சித்தியின் அண்ணன்மார் புதுத்துண்டோடு வந்திருந்தார்கள். பிள்ளை ஸ்தானத்தில் நின்ற என் தலையில் அதை உருமாவாகக் கட்டினால்தான் காரியம் முடியும். ராகுகாலத்துக்குக் கால்மணி நேரம்தான் இருந்தது. வேட்டிதான் கட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்லியும், சித்தி கடைசியாக எடுத்துக்கொடுத்த பேண்டைத்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்திருந்தேன். ஜிப் வைத்த என் முதல் பேண்ட். அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன். அடிவயிற்றுத் தோல் ஜிப்பின் பல்லில் மாட்டிக்கொண்டது.

நான் போட்ட கூச்சலில் பெண்களின் ஒப்பாரி நின்றுபோனது. சித்தியின் மூத்த அண்ணன் கத்தரிக்கோல் கேட்டார். நான் இன்னும் கத்தினேன். அப்போதுதான் சித்தப்பா எழுந்து வந்தார். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் குத்துக்காலிட்டார்.

"அசையாத. அமெரிக்காவுல ஒருத்தருக்கு இடுப்புப் பிடிப்பு. குனிஞ்சு பூட்ஸு கயிறு கட்ட முடியலை. அவருக்காகச் செஞ்சதுதான் மொத ஜிப்பு."

பதினாறு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நடந்தா அதுவாத் தொறந்துக்கிரும். ஒருத்தனும் வாங்கலை. பேண்டுல வைக்க அம்புட்டுப் பயம். ஏன்னு இப்பத்தான தெரியுது?"

சித்தியின் அண்ணன்மார்கூடச் சிரித்துவிட்டார்கள். நானும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தேன்.

"பெறகு இன்னொரு இஞ்சினியர் வந்தாரு. எம்புட்டு மாத்தியும் சரிப்படலை. அந்த நேரம் பாத்து அவரு..."

கையும் நின்றது, வாயும் நின்றது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குத்தான் கதை மனப்பாடமாயிற்றே.

"அவரு பொண்டாட்டி செத்துப்போச்சு சித்தப்பா," என்று உரக்க எடுத்துக்கொடுத்தேன். "அந்தத் துக்கத்துல ராவும் பகலும் உக்காந்து பல்லுப் பல்லாச் செஞ்சாரு. அதுக்கப்புறம் ஜிப்பு தானாத் தொறக்கவே இல்லை."

சித்தப்பா எண்ணெய் விரலால் ஜிப்பை மெல்லக் கீழே இறக்கினார். தோல் விடுபட்டது. பிறகு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்து, வீடே அதிர அழுதார்.

"எனக்கு வலிக்கலை சித்தப்பா, அழுகாதீங்க," என்று அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ராகுகாலம் பிறந்தது. அவரை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவர் அழுது ஓய்ந்து, ராகுகாலமும் கழிந்த பிறகுதான் எனக்கு உருமா கட்டினார்கள். அவ்வளவு நீளக் கதையைத் தப்பில்லாமல் ஒப்பித்தும், ஒரு ஆள்கூட என்னை மெச்சவில்லையே என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே வருத்தம்.