கத்தரியின் முன்பல்

கத்தரி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அவர்களுடைய தையற்கடையில் உண்மையான கத்தரியைப் பிடித்துத் துணி வெட்டுபவர் அவருடைய ஓரகத்தி, இவர் தைப்பவர். ஆயினும், தைத்து முடித்த நூலைக் குனிந்து முன்பற்களால் நறுக்கென்று கடித்து அறுப்பதால் அந்தப் பட்டம் இவருக்கே வாய்த்தது. கத்தரிக்குக் கை நீட்டும் நேரத்தில் அடுத்த பொத்தானைத் தைத்துவிடலாம் என்பது அவருடைய கொள்கை. கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஒருநாள் பயணப்பை ஒன்றின் சிக்கிய ஜிப்பைப் பல்லால் இழுத்தார். ஜிப் திறந்தது. மேல்வரிசை முன்பல் வேரருகே முறிந்தது.

தெருமுனைப் பல் மருத்துவர் எஞ்சிய வேரை அகற்றித் தாடை எலும்பில் இம்ப்ளாண்ட் எனும் சிறு திருகைப் பதித்தார். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும் என்பதால், மேலே ஒரு தற்காலிகப் பல்லை மாட்டினார்.

"இது பார்வைக்குத்தாங்க. வேலை வாங்கக் கூடாது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்று கத்தரி உடனே புரிந்துகொண்டார்.

அதே மருத்துவர்தாம் தமக்கும் உதவியாளர்களுக்கும் பச்சைச் சீருடை தைக்கக் கொடுத்திருந்தார். ஆள்மேல் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். கத்தரி பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார் என்று எழுதுவதே வழக்கம்; நூலைக் கடித்துக்கொண்டு தைத்தார் என்பதே உண்மை. மருத்துவரின் சட்டை ஒன்று மட்டும் மீதமிருந்தபோது ஈறு வீங்கித் தற்காலிகப் பல் ஆடத் தொடங்கியது.

"எதையாவது கடிச்சீங்களா?" என்றார் மருத்துவர்.

"ஐயையோ, தண்ணியைக்கூட ஓரமாத்தான் குடிச்சேன் டாக்டர்."

உடன் வந்த ஓரகத்தி மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

மருத்துவர் ஈறுக்கும் திருகுக்கும் இடையிலிருந்து இடுக்கியால் எதையோ உருவினார். பச்சை நூல். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னர் அருகில் நின்ற உதவியாளரின் சீருடையைப் பார்த்தார்.

"உங்க நூல்தான்," என்றார் கத்தரி. "நீங்கதானே அவசரம்னீங்க?"

எலும்பு பற்றாத திருகு எளிதாகவே கழன்று வந்தது. இனி மூன்று வழிகள் என்றார் மருத்துவர். முதலாவது, கழற்றி மாட்டும் பல்செட்.

"ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும்."

"ஏன், அது என்ன மீனா?"

இரண்டாவது, இருபுறப் பற்களையும் ராவி உறைபோட்டு நடுவில் பல்லை இணைக்கும் பிரிட்ஜ்.

"ஓடிப்போனவன் ஒருத்தன். பக்கத்து வீட்டுக்காரங்களை எதுக்கு ராவறீங்க?"

மூன்றாவது, புண் ஆறியபின் தேவையானால் எலும்புத்தூள் வைத்து, மீண்டும் இம்ப்ளாண்ட். அதையும் எலும்பு பற்றாமல் போகலாம்.

"அதெல்லாம் சரி டாக்டர். இதுல எதை வெச்சு நூல் கடிக்கலாம்?"

"எதை வெச்சும் கூடாது. சொந்தப் பல்லை வெச்சும் கூடாது."

கத்தரியின் முகம் வாடியது. அவர் கேட்க வந்தது அந்த ஒன்றைத்தான்.

"விடுங்கக்கா, சின்னக் கத்தரி ஒண்ணு கழுத்துல மாட்டி விடறேன்," என்றார் ஓரகத்தி.

"மாட்டுக்கு மணி கட்டற மாதிரியா?"

மூன்றாவது வழியையே தேர்ந்தார், அதுவரை பல்செட். கடைக்குத் திரும்பியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழக்கத்தில் குனிந்தார். நூல் இடைவெளி வழியே வழுக்கிச் சென்றது. கோரைப்பல்லால் முயன்றார், கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது. ஓரகத்தி நாடாவில் கோத்து நீட்டிய சிறு கத்தரியை வாங்கிக் கழுத்தில் மாட்டினார். ஓரகத்தி சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்.

மீதமிருந்த சட்டையை மருத்துவரிடம் கத்தரியே கொண்டுபோனார். கடைசிப் பொத்தானில் ஒரு சாண் நூல் தொங்கியது.

"இதை வெட்டலையே?" என்ற மருத்துவர், பேச்சுவாக்கில் அந்நூலை வாயருகே கொண்டுபோய்ப் பல்லிடையே வைத்தார்.

"டாக்டர்!"

மருத்துவர் திகைத்து நின்றார். கத்தரி தம் கழுத்து நாடாவைக் கழற்றி நீட்டினார்.

"சொந்தப் பல்லை வெச்சும் கூடாதுங்க."