பூசை நேரத்தில் அவிழ்த்துவிட்ட மாடு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டில் இருந்த மகளைப் பார்க்க, நானும் மனைவியும் ஒற்றை மாட்டுவண்டியில் கிளம்பினோம். வழியில் ஏரிக்கரையில் தங்கி மரவள்ளிக்கிழங்கு அவித்தோம். சாப்பிடுமுன் ஈசனைக் கும்பிட வேண்டுமே! அந்த நேரத்தில் நந்தியின் இனத்தைக் கட்டிவைப்பது பாவம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

“கட்டிட்டுக் கும்பிடுங்க லா,” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

கண் திறந்தால் மாட்டைக் காணோம். சாலையில் சிப்பாய்களின் லோரி வருகிறது. மாடு கண்ணில் பட்டால் கறிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நல்லவேளை, லோரி நிற்காமல் போனது.

மனைவி சிரித்தாள். “உங்க நந்தி குளிக்கப் போயிருக்கு, அங்க பாருங்க!”

தாமரை இலைகளுக்கு நடுவே கொம்புகள் மட்டும் தெரிந்தன.

ஈசன் காப்பாற்றினார். ஆனாலும் இப்போதெல்லாம், சாலையிலிருந்து தெரியாத இடத்தில் மாட்டைக் கட்டிய பிறகுதான் கண்ணை மூடுகிறேன்.