சுண்ணாம்புக் கால் மாடு

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் சர்ச்சுப் பங்கில் வனத்து அந்தோணியார் திருநாள் வந்துவிடும். பூசை முடிந்ததும் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் கோயில் வளாகத்தில் வரிசையாக நிறுத்துவோம். ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்கு வளாகத்துக்குள் வந்த எந்த உயிரையும் விரட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஒரு வருஷம் தெருநாய் ஒன்று பீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்து முழுப் பூசையும் கண்டது.

நானும் என் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எங்கள் வீடு குடிகாட்டுப் பக்கம். வீட்டுக்காரர் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை இந்தச் சிவப்பு மாடுதான். இரண்டு நாளாகக் காளை தேடிக் கத்திக்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் கட்டிவிட்டு நிமிர்ந்தால், அதற்குப் பின்னால் ஒரு கறுப்பு மாடு வந்து நிற்கிறது. யானைக்குட்டி மாதிரி உடம்பு. நாலு காலும் முட்டி வரை வெள்ளை.

பொங்கலுக்குக் கொம்பில் பெயிண்ட் அடிப்பதும் உடம்பில் காவி வட்டம் போடுவதும் எங்கள் பக்கம் சகஜம். யாரோ ஆர்வக்கோளாறில் காலுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"யாரு மாடு மச்சான் இது?" பக்கத்தில் நின்ற பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

"தெர்ல மச்சான். ஜல்லிக்கட்டுக்கு வாங்கியாந்திருப்பானுங்க. தீனி ஜாஸ்தியா போடுறானுங்க போல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுண்ணாம்பு பட்டால் மாட்டின் தோல் என்னத்துக்கு ஆகும்? "எந்த அறிவு கெட்டவன் வாயில்லா ஜீவனுக்கு இப்படிப் பண்ணுனது?" என்று கத்திக்கொண்டே பக்கெட்டிலிருந்து ஒரு மக்குத் தண்ணீரை அதன் முன்னங்காலில் ஊற்றினேன். வெள்ளை போகவில்லை. இன்னொரு மக்கு. அப்போதும் போகவில்லை. அது என்னைச் சட்டையே செய்யாமல் என் மாட்டை மோந்துகொண்டிருந்தது. அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். சென்னைக்காரர், பங்குக்குப் புதுசு. அதன் நெற்றியில் தாராளமாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு, "நல்லா ஆரோக்கியமா வளத்திருக்கீங்க" என்று என்னைப் பாராட்டினார்.

அப்போதுதான் மூக்கைப் பார்த்தேன். மூக்கணாங்கயிறு இல்லை. மூக்கில் துளையே இல்லை. கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை மணிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"டீச்சர், ஆடாம அசையாம நில்லுங்க. அது காட்டெருமை. கொடைக்கானல் டூர்ல பாத்துருக்கேன்."

நான் மக்கை மெதுவாகக் கீழே வைத்தேன்.

யாரோ போன் பண்ண, வனத்துறை ஜீப் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து கெடிலம் ஆற்றோரமாகவே இறங்கி வந்திருக்க வேண்டும் என்றார் ரேஞ்சர். திருவந்திபுரம் பக்கம் கரும்பில் அதன் காலடியைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்களாம். மயக்க ஊசி போடலாம்தான். ஆனால் இந்த வெயிலில் அது விழுந்து எழாமலே போகலாம். ஊசி ஏறுவதற்குள் மிரண்டு கம்பெனிப் பக்கம் ஓடினாலும் ஆபத்து.

"உங்க மாட்டுக்காகத்தான் நிக்குது. நீங்க மாட்ட ஓட்டிக்கினு முன்னால நடங்க. அது தானா பின்னால வந்துடும். சவுக்குத் தோப்புல லாரி நிக்குது."

"என் மாட்டுக்கு எதுனா ஆச்சுன்னா?"

அவர் காட்டெருமையைப் பார்த்தார். நான் கயிற்றை அவிழ்த்தேன்.

யாரும் பின்னால் வரக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்று ரேஞ்சர் கைகூப்பிச் சொன்னார். திருநாளும் அதுவுமாக, தீர்த்தம் வாங்கிய மாடு தெருவில் நடந்தால் எங்கள் ஜனம் சும்மா இருக்குமா? முதல் திருப்பத்திலேயே பாட்டுக்குழு அந்தோணியார் பாட்டை எடுத்தது. அடுத்த திருப்பத்தில் மேளம் சேர்ந்துகொண்டது. முன்னால் நான், எனக்குப் பின்னால் என் மாடு, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை நடையில் காட்டெருமை, அப்புறம் மொத்தப் பங்கு. நடுவில் பங்குப் பேரவை சார்பாக ரேஞ்சருக்குச் சால்வை வேறு போர்த்தினார்கள். "எதுக்குங்க இது?" என்றார் அவர், அழாத குறையாக.

லாரியில் என் மாடு ஏறினால்தான் அது ஏறும் என்றானது. என் மாடு முன்னால் ஏற, அது பின்னாலேயே ஏறியது. நடுவில் கட்டைகளைச் சொருகினார்கள்.

"இப்ப உங்க மாட்ட எறக்குனா இது லாரிய ஒடச்சிடும் டீச்சர். மலை அடிவாரம் வரைக்கும் வரட்டும். நாளைக்குக் கொண்டாந்து வுட்டுடுறோம்."

கயிற்றை இன்னொருத்தர் கையில் கொடுத்தேன். லாரி கிளம்பும்போது என் மாடு கத்தியது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பார்க்காமலே வந்துவிட்டேன்.

சாயங்காலம் கோயிலில் பேரவைக் கூட்டம் போட்டார்கள். தீர்த்தம் வாங்கியதால் காட்டெருமை பங்குச் சொத்தா, அதைக் கொண்டுபோக ஃபாதரிடம் அனுமதி வாங்கினார்களா என்று காரசாரமாகப் பேச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது. என் மாட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்போது ரேஞ்சர் போன் பண்ணினார்.

"டீச்சர், அத எறக்கி வுட்டோம். காட்டுக்குள்ள போவுது. உங்க மாடு கட்டைய முட்டித் தள்ளிட்டு, கயித்த அத்துக்கினு அது பின்னாலயே போவுது. நாங்க கூப்ட்டா நிக்கல. நீங்க பேரச் சொல்லிக் கூப்புடுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்."

பேரா? இத்தனை வருஷத்தில் நான் அதற்குப் பேரே வைக்கவில்லை. ஒருநாளாவது கொஞ்சிக் கூப்பிட்டிருப்பேனா என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஃபாதர் எதிரில், பேரவை எதிரில், என்னிடம் தமிழ் படித்தவர்கள் எதிரில், எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏ சனியனே! மூதேவி! எங்கடி போற? ஊர் மேயுற கழுத, வீட்டுக்கு வாடி!"

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நின்னுடுச்சு டீச்சர்," என்றார் ரேஞ்சர் ரகசியக் குரலில். "திரும்பிப் பாக்குது. வருது, வருது. நிறுத்தாதீங்க, இன்னும் திட்டுங்க."

எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும், அழுதுகொண்டே, ஒன்று விடாமல் சொல்லித் திட்டினேன்.