பள்ளமாகிப்போன பனிமலைகள்

ஒரு பனிமலைத் தொடரையே பள்ளமாக்கியவன் நான். புல்டோசர் எதுவும் வைக்கவில்லை. மத்தியானம் தயிர்சாதம் தின்று டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, ஏசி அறையில் உட்கார்ந்தபடியே செய்தேன்.

பெங்களூரில் ஒரு பழைய ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. அந்தக் காலத்தில் பனிமலைகளை அளக்கப் போன விஞ்ஞானிகள் எடுத்த கண்ணாடிப் படங்கள் அங்கே மரப்பெட்டி மரப்பெட்டியாக இருந்தன. மேஜிக் லாந்தரில் வைத்துச் சுவரில் காட்டும் ஒற்றைப் படங்கள் பக்கத்து மேஜைக்குப் போயின. எனக்கு வந்தவை இரட்டைப் படங்கள். ஒரே காட்சிதான், ஆனால் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. பைனாகுலர் மாதிரி ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்தால் தட்டைப் படம் சட்டென்று எழுந்து நிற்கும். மூட்டை சுமந்த கூலியாள் முன்னால் வருவான், மலை பின்னால் போகும்.

சில கண்ணாடித் தகடுகளில் மட்டும் இடமும் வலமும் மாறிக் கிடக்கும். அப்போது மலை குழியாகிவிடும். கூலியாள் பனியில் ஆள் வடிவத்தில் வெட்டிய ஓட்டை மாதிரித் தெரிவான். எது சரி என்று கண்டுபிடிக்க இரண்டு கண்ணாலும் பார்த்தே ஆகவேண்டும். பார்த்து, தேவையானால் மாற்றி, ஸ்கேன் செய்து, ‘ஆழம் சரி’ என்று பதிவதுதான் என் வேலை. ஐம்பத்தாறு வயதில், மூன்று கம்பெனிகள் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பிய பிறகு கிடைத்தது. இதற்கு வேண்டிய தகுதி இரண்டு கண். அதுகூடவா நம்மிடம் இருக்காது என்று சேர்ந்தேன்.

ஒரு நாள் காலையில் மலை எழவில்லை. லென்ஸைத் துடைத்தேன். தகட்டைத் திட்டினேன். என்றோ செத்துப்போன போட்டோகிராபரையும் விடவில்லை. கடைசியில், சந்தேகத்துக்காக, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். மலை இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டியது போலிருந்தது. வலது கண் கொஞ்சம் கொஞ்சமாக, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தது. இத்தனை நாளும் இடது கண் ஒண்டியாக உழைத்து அதன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

“கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு போயிடுச்சு சார். போனது வராது,” என்றார் கண் டாக்டர்.

“பரவாயில்ல டாக்டர், ஸ்டெப்னி இருக்கே.”

“ஸ்டெப்னியிலும் காத்து இறங்கிட்டுதான் இருக்கு. சொட்டு மருந்தை ஒருநாள்கூட விடாதீங்க.”

என் ஜோக்குக்கு இவ்வளவு பொருத்தமான பதிலை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வீடு இருக்கும் காக்ஸ் டவுன் வந்து இறங்கும்போது, தரை வந்துவிட்டது என்று நினைத்து இல்லாத தரையில் கால் வைத்தேன்.

வீட்டில் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை; முழங்கால் சிராய்ப்புக்கு மட்டும் பஸ் படி வழுக்கிவிட்டது என்றேன். மறுநாள் காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, “டம்ளர் இங்க இருக்கு, மேஜைக்கு எதுக்குங்க காபி?” என்றாள்.

“அதுவும் காலையிலேர்ந்து வெறும் வயித்தோட நிக்குது பாவம்.”

சிரித்துக்கொண்டே துடைத்தாள். அவள் சிரித்துவிட்டால் தப்பித்தோம் என்பது இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

ஆபீஸிலும் சொல்லவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை மாற்றினேன், ஒன்றை விட்டேன். எல்லாவற்றுக்கும் கீழே ‘ஆழம் சரி’. மாதக்கணக்கில் பனியில் நடந்து, விரல் மரத்து, கண்ணாடி உடையாமல் அவர்கள் கொண்டுவந்த மலைகளை நான் பூவா தலையா போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பிரிவுத் தலைவி, மங்களூர்க்காரர், ஒரு படத்தைப் பெட்டியில் வைத்து நீட்டினார். “சார், ஸ்வல்ப, கொஞ்சம் இதைப் பாருங்க. ஆழம் எப்படி?”

வளைந்து நெளிந்து பார்த்தேன். “ஆஹா மேடம்! அந்த ஐஸ் கோடாலி நேரா மூக்குல வந்து குத்துது!”

அவர் பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தார். பிறகு, “ரெண்டு பக்கமும் ஒரே படத்தைத்தான் சார் வெச்சேன். அதுல ஆழமே வராது,” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன்.

“வீட்ல தெரியுமா?”

“இல்ல மேடம். உங்களுக்குத்தான் முதல்ல. ஸ்வீட் எடுத்துக்குங்க.”

அவர் சிரிக்கவில்லை. என் மலைகளை முதலிலிருந்து பார்க்க வேறு ஆள் வருவார் என்றார். மாசக் கடைசி வரை பெட்டிகளுக்கு நான் லேபிள் ஒட்டலாமாம். அதற்குப் பிறகு? அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போனை உள்ளே வைத்துப் பார்க்கும் அட்டைப் பெட்டி ஒன்று ஆபீஸில் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்கேன் செய்த கூலியாள் படத்தைப் போனில் போட்டுக் காட்டிவிட்டு அப்படியே விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று திட்டம். பஸ்ஸிலேயே மூன்று ஜோக் தயார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைக் கண்ணில் வைத்தாள். எதிரே நான் நாற்காலியில்.

“அய்யோ, என்னங்க இது! இந்த ஆள் காலுக்குச் செருப்பே இல்லையே, துணியைச் சுத்தியிருக்கான். இவ்ளோ பனியில...” பெட்டியை இன்னும் கண்ணோடு அழுத்திக்கொண்டாள். நான் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன். அந்தக் காலைப் பார்த்ததில்லை. “இங்கதான் நிக்கிறான், தொட்டுடலாம் போல...” என்று கையை நீட்டினாள்.

விரல் நேராக என் மூக்குக்கண்ணாடியில் வந்து இடித்தது.

பெட்டியை இறக்கினாள். “நகர வேண்டியதுதானே? கை வர்றது தெரியல?”

“கை தெரிஞ்சது. எவ்ளோ தூரத்துல இருக்குன்னு தெரியல.”

அதுவும் ஜோக் என்று நினைத்து ஒரு நொடி சிரிக்கப் போனாள். பிறகு காபி, பஸ் படி, எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை மெல்ல மறுபடி என் முன்னால் தூக்கினாள்.

“இப்போ?”

“ஒரு அடி?”

அவள் விரலைக் கொஞ்சம்தான் நீட்டினாள், என் கண்ணாடியில் பட்டுவிட்டது. கையை இறக்கவில்லை.