சேரும் கங்காருவும்

கராம்பு காயும் வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு முழங்கால் இரண்டும் கூசும். பல்லேபொலப் பக்கம் நான் படித்த சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் அக்கம்பக்கத்தார் சாக்கு விரித்துக் கராம்பு காயப்போடுவார்கள். அதற்குப் பக்கத்துச் சரளைக் கல்லில்தான் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சிவலிங்கம் சேர் எங்களை முட்டி போட வைப்பார். தப்பாகப் பதில் சொன்னால்கூட மன்னித்துவிடுவார், 'தெரியாது' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே மனுசனுக்கு மூக்கு சிவந்துவிடும்.

ஒருநாள் நல்ல குஷியில் இருந்தவர் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். ஆஸ்திரேலியாவில் கரையிறங்கிய வெள்ளைக்காரன் துள்ளி ஓடிய மிருகத்தைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்று அந்த ஊர்க்காரனிடம் கேட்டானாம், அவன் தன் பாஷையில் "தெரியாது" என்றானாம், அந்தச் சொல்தான் கங்காருவாம். மறுநாள் இதயத்துக்கு எத்தனை அறை என்று அவர் கேட்டபோது, என் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஸ்வானா எழுந்து, "கங்காரு, சேர்" என்றாள். சேர் வாய்விட்டுச் சிரித்து அவளை உட்காரச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மொத்த வகுப்புக்கும் வழி பிறந்துவிட்டது. எங்கள் லயத்து வீடுகளிலும் அது பரவி, சீனிப் போத்தலை யார் திறந்தது என்று அம்மா கேட்டால் "கங்காரு" என்றே நாங்கள் பதில் சொன்னோம்.

பிறகு ஒருநாள் மாத்தளையிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். சேருக்குக் காலையிலிருந்தே வியர்வை. அதிகாரி விஞ்ஞானச் சாமான் வைக்கும் அலுமாரியைத் தட்டி, "இதோட சாவி எங்க மாஸ்டர்?" என்றார். சேர் சட்டைப் பையைத் தடவினார், மேசை லாச்சியைக் கிளறினார், எங்களைப் பார்த்தார்.

"கங்காரு, சேர்" என்று அதிகாரியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் சேரை இடம் மாற்றிவிடுவார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது; முட்டி போட வைத்தாலும் அவர் எங்கள் சேர் அல்லவா?

"என்ன சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

ரிஸ்வானாதான் எழுந்தாள். "சாவி எங்கன்னு தெரியாதாம் சேர். எங்க வகுப்புல அப்புடித்தான் சொல்லுவோம்." வெள்ளைக்காரன் கதையையும் விடாமல் ஒப்பித்தாள்.

அதிகாரி எங்கள் வாங்கிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமே மாஸ்டர், நானும் சேர்ந்து தேடியிருப்பேனே" என்றார். சாவி கரும்பலகைக்குக் கீழே வெண்கட்டிப் பெட்டிக்குள் கிடந்தது. அதன்பின் சேர் யாரையும் முட்டி போட வைக்கவில்லை. ஏன் என்று கேட்க எங்களுக்கும் துணிச்சல் இல்லை.

போன மாதம் இந்தக் கதையை என் மகளுக்குப் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். அவள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அது பொய்ம்மா" என்றாள். கப்பலைப் பழுதுபார்க்க ஒதுங்கியவர்களிடம், வடகிழக்குக் கரையின் ஆதிக்குடிகள் தங்கள் மொழியில் 'கங்குரு' என்று சொன்னார்களாம்; அது அங்குள்ள ஒரு பெரிய வகையின் சரியான பெயராம். பெயர் தெரிந்து சொன்னவனைத்தான் இத்தனை வருஷமாகத் தெரியாதவன் என்று சிரித்திருக்கிறோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது அந்த முற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். சரளையும் இல்லை, கராம்பும் காய்வதில்லை, கங்காரு சொல்லித் தப்பிக்கும் பிள்ளைகளும் இல்லை. சேர் மட்டும் கலேவெலயில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசன் சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.

"அப்பொறம் எப்புடிங்க சேர் அந்தத் தெரியாதுங்கிற கதை வந்துச்சு?" என்று கேட்டேன். கங்காரு என்றுதான் சொல்வார் என்று சிரிக்கத் தயாராக இருந்தேன்.

"தெரியாதும்மா" என்றார் சேர்.